ஒரு தெருவுக்கே ஒரு நம்பர்

ஒரு சாஃப்ட்வேர் ஒழுங்காக ஓடுகிறது என்றால், பக்கத்தில் யாரும் நின்று பார்க்கவில்லை என்று அர்த்தம். நாலு பேர் வந்து எதிரில் உட்கார்ந்தால் போதும், அதுவரை சமர்த்தாக இருந்தது கையை விரித்துவிடும். இத்தனை வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இதற்கு விதிவிலக்கை இன்னும் பார்க்கவில்லை.

அது என் முதல் வேலை. ராயபுரத்திலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக ஊரின் மறுகோடிக்குப் போய் வருவேன். நாங்கள் எழுதிய செயலியின் வேலை சுலபமானது. உங்கள் மொபைல் எண்ணைப் போட்டால், அந்த எண்ணோடு எந்தெந்த வங்கியில் என்னென்ன கணக்கு இருக்கிறதோ அத்தனையையும் தேடிப் பிடிக்கும். நீங்கள் சம்மதம் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும். செலவைப் பார்த்து இரண்டு புத்திமதியும் சொல்லும். (புத்திமதி வாசகங்கள் எல்லாம் நான் எழுதியவை. வாங்குகிற சம்பளத்துக்கு அது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.)

செயலியை வாங்கவிருந்த வங்கியில் செய்து காட்டும் நாள் வந்தது. அது நல்லபடியாக முடிந்தால் என் வேலை நிரந்தரம் என்று மேலாளர் கார்த்திக் சொல்லியிருந்தார். எதிரே வங்கி அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மோசடித் தடுப்புப் பிரிவின் தலைவியான ஒரு அம்மாள் மட்டும் சிரிக்கவே இல்லை.

சோதனைக்கென்று நாங்கள் உருவாக்கி வைத்திருந்த பொய் ஆசாமி ஒருவன் உண்டு. பெயர் டெஸ்ட் குமார். மாதக்கணக்கில் அவனை வைத்துத்தான் எல்லாம் ஓட்டிப் பார்த்தோம். அன்றைக்குப் பார்த்து அவன் இருந்த சர்வர் படுத்துவிட்டது. கார்த்திக் முகத்தில் வேர்த்தது. அந்த நேரத்தில்தான் எனக்குள் ஒரு வீராங்கனை எழுந்தாள்.

"சார், என் சொந்த நம்பரையே போடறேன்" என்றேன்.

அந்த நம்பரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் தெரு மீன்பிடித் தெரு. அங்கே யார் கணக்கு தொடங்கினாலும், மொபைல் எண் என்ற இடத்தில் என் எண்ணைத்தான் எழுதுவார்கள். அவரவர் போன் ஒன்று கடலில் விழும், இல்லையென்றால் சலுகைக்காக மாதம் ஒரு சிம் மாறும். "ரோஸி நம்பர் போட்டுக்கோ, அது மாறாது" என்பதுதான் தெருவின் தீர்மானம். அதனால் வங்கி அனுப்பும் ஓடிபி எல்லாம் என் போனுக்கு வரும். காலையில் வாசலில் ஆள் நிற்கும். அம்மா அவர்களுக்கு டீ போடுவாள், நான் பல் துலக்கிக்கொண்டே எண்களைப் படித்துச் சொல்வேன். இது எனக்கு அத்தனை பழகிப்போயிருந்ததால், அந்தக் கூட்டத்தில் அது நினைவுக்கே வரவில்லை.

எண்ணைப் போட்டேன். திரையில் கணக்குகள் வர ஆரம்பித்தன. வந்துகொண்டே இருந்தன. நிறுத்து என்று மூளை சொன்னது. ஆனால் விரலுக்கு டெஸ்ட் குமாரிடம் பழகிய பழக்கம். 'அனைத்தையும் தேர்ந்தெடு' என்பதை அது பாட்டுக்கு அழுத்தி, வந்த ஓடிபியையும் போட்டுவிட்டது.

ஆளுயரத் திரையில் செயலி என்னை அன்போடு வரவேற்றது. "வணக்கம் ரோஸி! உங்களுக்கு விதவை ஓய்வூதியம் வந்துள்ளது." (எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.) "படகு டீசலுக்கு அதிகம் செலவிடுகிறீர்கள்." அதற்கடுத்து, நான் எழுதிய வாசகத்தில் செலவின் பெயரை மட்டும் நிரப்பிக்கொண்டு: "ஐஸ் கட்டிச் செலவைக் குறைத்துக்கொள்ளலாமே!" கீழே பெயர்கள் வரிசையாக நின்றன. பிலோமினா, லூர்துசாமி, அந்தோணியார் திருவிழாக் கமிட்டி...

சட்டென்று வயரைப் பிடுங்கினேன். தெரு ஜனத்தின் வரவு செலவை முன்பின் தெரியாத கூட்டத்துக்குப் படம் போட்டுக் காட்டிவிட்டோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

மோசடித் தடுப்பு அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே நம்பர்ல இத்தனை பேரோட அக்கவுண்ட். இப்படி வச்சிருக்கிறவங்களைப் பிடிக்கிறதுதாம்மா என் வேலை."

தெருக்கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பும்படியாக இல்லை. வேலையை மூலக்கொத்தளம் இடுகாட்டில் புதைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும் போலிருந்தது. "இவங்கள்ல ஒருத்தர்கிட்ட நானே பேசறேன்" என்றார் அம்மாள். எதிர்வீட்டு பிலோமி அக்காவின் எண்ணைக் கொடுத்தேன். காசிமேட்டில் மீன் விற்கிறவர், என்னைத் தூக்கி வளர்த்தவர். வங்கி போனில் ஸ்பீக்கரைப் போட்டார்கள்.

"பிலோமினாம்மா, நாங்க பேங்க்ல இருந்து பேசறோம். உங்க அக்கவுண்ட்ல இருக்கிற மொபைல் நம்பர் யாரோடது?"

"வந்துட்டியா! இந்த டகால்டி வேலைலாம் வேற எங்கனா வச்சிக்கோ. பேங்க்குன்னு சொல்லிகினு எவ போன் பண்ணாலும் வாயத் தொறக்காதன்னு எங்க ரோஸி சொல்லிக்கீறா!"

"அக்கா, நான் ரோஸிதான் பேசறேன். அவங்க கேக்கறதுக்குப் பதில் சொல்லுக்கா."

அந்தப் பக்கம் மீன் ஏலச் சத்தத்துக்கும் மேலே அக்காவின் குரல் ஏறியது.

"அடிப்பாவி! ரோஸி மாதிரியே பேசற! கொரலக்கூட கம்ப்யூட்டர்ல மாத்துவீங்கன்னு அவளே சொன்னாமே. இன்னா நெனச்சிகினு கீற? எங்க தெருவுக்கே அவ நம்பர்தான். இத்தினி வருசமா எல்லாருக்கும் ஓடிபி அவ போன்லதான் வருது, ஒருத்தர் காசு ஒரு ரூபா போனதில்ல. அவகிட்டருந்து நீ ஒரு நம்பர் வாங்கிடுவியா? வையி போன, கஸ்மாலம்!"

அம்மாள் போனை வைத்தார். பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எங்க விளம்பரத்தைவிட இந்தம்மா நல்லா பாடம் எடுக்கறாங்க" என்றவர், உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு இரண்டு நிபந்தனை போட்டார். தெருவில் ஒவ்வொருவர் கணக்கிலும் அவரவர் எண் ஏற வேண்டும். வேறு வேறு பெயர்கள் ஒரே எண்ணில் வந்தால் செயலி அங்கேயே நிற்க வேண்டும். அந்தத் தடையை நானே எழுதினேன். ஆபீசில் அதற்கு 'ரோஸி செக்' என்று பெயர் வைத்தார்கள். வேலையும் நிரந்தரமானது.

லீவு போட்டு, தெருவையே ஊர்வலம் போல வங்கிக் கிளைக்கு அழைத்துப் போனேன். மறுநாள் காலை என் போன் அமைதியாகக் கிடந்தது. அம்மா பழக்கதோஷத்தில் பெரிய பாத்திரத்தில் டீ போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு சுத்தமாக வேலையை முடித்திருக்க வேண்டாமோ என்று எனக்கும் இருந்தது. அந்தக் காலைகளை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது கல்யாணமாகி மாதவரத்தில் இருக்கிறேன். யார் வீட்டுக்கு வந்தாலும் என் கணவர், "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே இவளுக்கு விதவை பென்ஷன் வந்துச்சு" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். நான் குளிர்ச்சியாக எதைக் குடித்தாலும், "ஐஸ் கட்டிச் செலவைக் குறைச்சுக்கலாமே!"

போன மாதம் ஆபீசில் ஒரு கூட்டத்தின் நடுவே பிலோமி அக்கா அழைத்தார். ஏதோ அவசரம் என்று பதறி எழுந்து வெளியே போனேன்.

"ரோஸி, ஓடிபி இப்ப எம் போன்ல வந்துகீது, எழுதிக்கோ. நாலு, ஏழு, ரெண்டு..."

"அக்கா! ஓடிபியை யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்மே" என்றார் அக்கா, கொஞ்சம் கோபமாகவே. "நீ இன்னா யாரோவா?"

பேனா இல்லை. வரவேற்பறைப் பெண்ணிடம் ஒன்றை வாங்கி, உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.