டைமர் அக்கா விளக்கை நக்கிப் பார்த்த சாயங்காலம்

அன்று சாமைக் கொல்லையில் இருந்தவர்கள்: ஊர்க்கவுண்டர். கையில் கம்பிச் சுருளோடு அவர் மச்சான் சடையன். போளூரில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் பாய், புளி வாங்க என் ஜீப்பில் மலையேறியவர். ஜீப் ஓட்டுகிற நான். எங்கள் எல்லாரையும் முறைத்தபடி டைமர் அக்கா.

அக்காவைப் போலப் பிடிவாதம் பிடித்த உயிர் ஜவ்வாது மலையில் இரண்டு காலிலும் கிடையாது, நாலு காலிலும் கிடையாது. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கிறது. யாருக்கும் ஞாபகமில்லை. சிக்னல் கிடைக்கிற பாறை மேல் உட்கார்ந்து, செல்போனில் வீடியோ பார்த்து, அணைந்து அணைந்து மினுக்கும் விளக்கு செய்யக் கற்றவள். பாதி வீடியோவில் சிக்னல் போகும். மீதியை அவளே முடிவு செய்வாள்.

முதல் விளக்கைக் கோழிக்கூண்டில் மாட்டினாள். கோழிகள் முட்டையை நிறுத்தின. "பழகட்டும்" என்றாள். அடுத்ததை என் ஜீப்பின் தலையில் மாட்டினாள். என்னைக் கேட்கவில்லை. செக்போஸ்டில் ஆம்புலன்ஸ் என்று நினைத்து வழிவிட்டார்கள். நான் கழற்றவில்லை.

விஷயம் காட்டுப்பன்றி. சாமை முற்றினால் இறங்கிவிடும். கொல்லைகளைச் சுற்றிக் கம்பி இழுத்துக் கரண்ட் விடலாம் என்றார் கவுண்டர். போன வருஷம் யாரோ அப்படி விட்டதில் அக்காவின் சினைப்பசு செத்தது. பன்றி ஒன்றும் சாகவில்லை.

"கம்பி போட்டீங்கன்னா அதும்மேல நான் வந்து நிப்பேங்க" என்றாள் அக்கா.

நிற்பாள். எல்லாருக்கும் தெரியும். அதனால் ஒரு பேச்சு முடிந்தது. மினுக்குகிற விளக்கைக் கண்டால் பன்றி மிரண்டு ஓடும் என்பது அவள் கட்சி. இருட்டுவதற்குள் அவள் விளக்கு மினுக்கினால் கம்பி கிடையாது. மினுக்காவிட்டால் அன்றைக்கே கம்பி.

விளக்குக்கோ ஒரு வியாதி. மத்தியான வெயிலில் அழகாக மினுக்கும். சாயங்காலம் பனி இறங்கினால் அணையாமல் எரிந்துகொண்டே நிற்கும்.

"பகல்ல பன்னி தூங்குமேக்கா. அத்த எழுப்பறதுக்கா லைட்டு?" என்றான் சடையன்.

"உன்ன எழுப்பறதுக்குடா."

பேட்டரியை மாற்றினாள். மினுக்கவில்லை. எட்டுக்கால் ஐசியை, அதுதான் டைமர், பிடுங்கி வேறு போட்டாள். மினுக்கவில்லை. ஊதினாள். திட்டினாள்.

"ரெடிமேடா வருதும்மா. கொண்டாந்து தர்றேன்" என்றார் பாய்.

"உங்க லைட்டு உங்க கடையில மினுக்கட்டும் பாய். இது என் லைட்டு."

வெயில் மலைக்குப் பின்னால் போனது. சடையன் கம்பியைப் பிரிக்க ஆரம்பித்தான். அக்கா அவனைப் பார்க்கவில்லை. கெப்பாசிட்டரைத் தட்டினாள்.

"கொடத்துல தண்ணி ரொம்பற மாதிரி இதுல கரண்டு ரொம்பணும். ரொம்புனாதான் லைட்டு அணையும். வெயில்ல ரொம்புது. பனியில ரொம்பல. எங்கியோ ஒழுவுது."

பேட்டரியைக் கழற்றினாள். போர்டைத் திருப்பினாள். நாக்கை நீட்டி நக்கினாள்.

"யா அல்லா" என்றார் பாய்.

"புளிக்குது."

"இன்னா புளிக்குது?"

"சால்டர் ஈயம் ஒட்டணும்னு போர்டப் புளி போட்டுத் தேச்சேன். கழுவல."

எங்கள் மலையில் செம்பைக் கண்டால் புளி போடாமல் கை நிற்காது. ஒட்டியிருந்த புளி பனியில் ஈரமாகிக் கரண்டைக் கசிய விட்டிருக்கிறது.

பாயின் பிளாஸ்கில் வெந்நீர் இருந்தது. பிடுங்கிக் கழுவினாள். காய வைக்க வெயில் இல்லை. நான் ஜீப்பின் பானெட்டைத் திறந்தேன்.

"நீ யார் பக்கம்டா?" என்றார் கவுண்டர்.

"இன்ஜின் சூடா கீது. அவ்ளோதாங்க."

இன்ஜினுக்கு மேல் பிடித்துக் காய வைத்தாள். பேட்டரியை மாட்டினாள். விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. சடையன் சிரித்தான்.

அணைந்தது.

சிரிப்பு நின்றது. விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

"இதுக்கும் பன்னி வந்துச்சின்னா?" என்றார் கவுண்டர்.

"வந்தா நான் வெரட்றேங்க. கரண்டு மட்டும் வுட மாட்டேன்."

சடையன் கையிலிருந்த சுருளை வாங்கிக்கொண்டு போனாள். அதில்தான் இன்றைக்கும் அவள் வீட்டுத் துணி காய்கிறது.

பன்றி இப்போதும் வருகிறது, முன்னைவிடக் குறைவாக. கம்பி வரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா விளக்கு செய்து கொடுத்தாள். கேட்காதவர்கள் கொல்லையில் அவளே போய் நட்டாள்.

சாயங்காலம் திரும்பும்போது மேல் வளைவில் ஜீப்பை நிறுத்துகிறேன். சரிவெல்லாம் மினுக்குகிறது. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போவதில்லை. எண்ணிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

நேற்று இருபத்துமூன்று.