எச்.பி. அண்ணாச்சியும் எலுமிச்சைத் தோட்டத்து ஏற்றமும்

சங்கரன்கோவிலில் எச்.பி. போடப்படாத மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் விட்டுப்போயிருக்கலாம், ஆதாரில் அப்பா பெயர் மாறிப்போயிருக்கலாம். ஆனால் எச்.பி. அண்ணாச்சியின் கண்ணில் பட்டவர் யாரும் அளவு தெரியாமல் வீடு போய்ச் சேர்ந்ததில்லை.

எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது அவர் தொழில். குருவிகுளம் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் லோடு ஆட்டோவில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு அவரைத் தேடி வருவார்கள். நாள் முழுக்க மூணு எச்.பி., அஞ்சு எச்.பி. என்று குதிரைசக்திக் கணக்கே பேசிப் பேசி, மனிதர்களையும் அப்படியே அளக்க ஆரம்பித்துவிட்டார்.

"புதுசா வந்திருக்க தாசில்தார் எப்படி அண்ணாச்சி?"

"ஒரு எச்.பி. அதுவும் மத்தியானம் வரைக்கும்தான்."

எதிர்ப்புறம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த எனக்கு அவர் போட்டது கால் எச்.பி. "மீன் தொட்டிக்குக் காத்து விடலாம், வே. வருத்தப்படாதேயும்" என்று ஆறுதலும் சொன்னார். நான் வருத்தப்படத்தான் செய்தேன்.

இப்படி ஊரையே அளந்தவர் வைத்திருந்த வண்டியைப் பார்க்க வேண்டுமே. எழுபது சிசி. காட்டுப் பாதையில் போவதற்கென்றே ஜப்பான்காரன் எந்தக் காலத்திலோ செய்த குட்டி மோட்டார் சைக்கிள். மலை எஸ்டேட் துரை ஒருவர் ஓட்டியது என்று சொல்லி, ராஜபாளையத்துப் பழைய இரும்புக் கடைக்காரர் அண்ணாச்சி தலையில் கட்டியது. அதில் அண்ணாச்சி உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காதைத் தொடும். பின்னால் அவர் மனைவி கோமதி மதினி உட்கார்ந்தால் வண்டியே கண்ணுக்குத் தெரியாது. மதினி நல்ல வாட்டசாட்டம். அண்ணாச்சி ஒரு துடைப்பக்குச்சி.

மதினி பிறந்த வீடு சிவகிரிக்கு மேற்கே, மலையடிவாரத்து எலுமிச்சைத் தோட்டம். அங்கே போகக் கடைசியில் ஒரு செம்மண் ஏற்றம் ஏறவேண்டும். இரண்டு பக்கமும் பாறை, கார் நுழையாது. பாதி ஏற்றத்தில் எழுபது சிசி முக்கி முனகி நின்றுவிடும். மதினி இறங்கி நடப்பார். மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அவர் தம்பி, வண்டி மட்டும் வருவதைப் பார்த்து, "அத்தான், பார்சல் எங்க?" என்பான். இருபத்தெட்டு வருடமாக இதே கேள்விதான்.

போன வருடம் மதினிக்கு முழங்கால் வலி வந்து, ஏற்றம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோட்டத்துக் குலசாமி கொடைத் திருவிழாவுக்கோ இருபது நாள்தான் இருந்தது. அந்தக் குடும்பத்தில் மூத்த மகள் முதல் பொங்கல் பானை வைத்த பிறகுதான் மற்றவர்கள் அடுப்பு மூட்டுவார்கள். தம்பி தன் பெரிய பைக்கில் ஏற்றிப் போவதாகச் சொன்னான். நான் என் ஸ்கூட்டரைத் தருவதாகச் சொன்னேன்.

மதினி ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "போனா எங்க வீட்டு வண்டியில போவேன். இல்லைன்னா இந்த வருசம் பானை அவங்களே வைக்கட்டும்."

சொல்லிவிட்டு, கடைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டு அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்தினார். அது கடை வரைக்கும் கேட்டது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"எஞ்சினை மாத்திர வேண்டியதுதான், வே."

மறுநாளே விபத்தில் நசுங்கிய ஒரு நூற்றிருபத்தைந்து சிசி பைக்கின் எஞ்சின் சாக்கில் வந்து இறங்கியது. குட்டி வண்டியின் வயிற்றில் அது எப்படிப் போகும்? சட்டத்தை அறுத்தார், பட்டை இரும்பு வைத்துப் பற்றவைத்தார். எஞ்சின் உட்கார்ந்ததும் கால் வைக்கிற கம்பிக்கு இடமில்லை. கம்பியை வைத்ததும் சைலன்சருக்கு இடமில்லை. சங்கிலி ஒரு விரற்கடை விலகி நின்றது. அதற்குப் பட்டறையில் தனியாக ஒரு வளையம் கடைந்து வந்தார். மோட்டார் கொண்டுவந்த சம்சாரிகள் எல்லாரும் தங்கள் கிணற்றை மறந்துவிட்டு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் காலையில் உதைத்தார். தெருவே அதிர்ந்தது. கியரில் கிடந்த வண்டி ஒரே தாவலில் தெருவைத் தாண்டி, இரண்டு படியேறி, என் ஜெராக்ஸ் மிஷினில் முட்டி நின்றது. அண்ணாச்சி ஹேண்டில்பாரைப் பிடித்தபடி கூடவே வந்திருந்தார்.

"பிரேக் போடலையா அண்ணாச்சி?"

"ஓடுமான்னே தெரியாம இருந்துச்சு. நிக்கதப் பத்தி யாரு நெனச்சா?"

மிஷின் கண்ணாடி கீறிவிட்டது. அதன் பிறகு நான் எடுத்துக் கொடுத்த ஆதார் நகல்களில் எல்லாருக்கும் நெற்றியில் ஒரு கோடு இருக்கும். ஆனாலும் சொல்லவேண்டும், எனக்கும் அன்று உற்சாகம் தாங்கவில்லை. கடையைப் பாதி சாத்திவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

மதினியின் எடைக்கு மணல் மூட்டை கட்டி, ஒரு மேட்டில் ஏற்றிப் பார்த்தோம். முன்சக்கரம் அப்படியே அந்தரத்தில் எழும்பியது. அண்ணாச்சி ஆகாயத்தைப் பார்த்தபடி மூட்டை மேல் மல்லாந்து கிடந்தார்.

"சக்தி இருக்கு, வே. பாத்தீரா?"

பின்னால் கனம் இருக்கிறது, முன்னாலும் கனம் வேண்டும் என்று கண்டுபிடித்து, எரிந்த மோட்டார் ஒன்றை ஹேண்டில்பாரில் கட்டினார். சக்கரம் எழும்பவில்லை. வண்டி நேராகப் போனது. நேராக மட்டும்தான் போனது. தேரடி முக்கில் திரும்பவேண்டியவர் ராஜபாளையம் ரோட்டில் போய்க்கொண்டே இருந்தார். நாலு பேர் போய்த் தூக்கித் திருப்பிவிட்டோம்.

கொடைக்கு இரண்டு நாள் இருந்தது. மதினி காபியோடு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"முன்னால கனம் வேணும், அவ்வளவுதான? என்னைய முன்னால வைங்க."

"முன்னால உக்காந்தா ஓட்டணும்ட்டி."

"ஓட்டுதேன். கல்யாணத்துக்கு முன்னால எலுமிச்சை மூட்டைய மொபெட்டுல வச்சு புளியங்குடி கமிஷன் கடைக்குக் கொண்டு போனது யாருன்னு நெனைக்கிய?"

"நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க கேட்டீயளா?"

அண்ணாச்சிக்குக் காபி இறங்கவில்லை. அந்த மச்சான் முன்னால், மனைவி ஓட்ட, தான் பின்னால் உட்கார்ந்து போவதா? இரண்டு நாளும் யாருக்கும் எச்.பி. போடவில்லை. பக்கத்துக் கடைக்காரர் பயந்துபோய், "உடம்புக்கு என்னமும் செய்யுதா அவருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

கொடையன்று காலை புது வேட்டியோடு வந்து, "நீரும் வாரும்" என்றார். பிரேக் மாட்டி, ஹேண்டில்பாரில் கட்டிய மோட்டாரையும் கழற்றியிருந்தார். மதினியைப் பின்னால் வைத்துச் சமதரையில் சிவகிரி வரைக்கும் அவரே ஓட்ட, நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். ஏற்றத்தின் அடியில் வண்டியை நிறுத்தினார். மேலே பார்த்தார். மச்சான் நாற்காலியில் இருந்தான், சுற்றிலும் சொந்தக்காரர்கள் வேறு. பிறகு இறங்கி, மதினி மடியிலிருந்த பொங்கல் பானையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏட்டி, முன்னால வா."

மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அண்ணாச்சி பானையோடு பின்னால் தொற்றிக்கொள்ள, முன்சக்கரம் மண்ணில் நன்றாகப் பதிந்தது. ஒரு முறுக்கு முறுக்கினார் பாருங்கள், செம்மண் என் சட்டை முழுக்க அடித்தது. வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. வழக்கமாக நின்றுபோகிற அந்தப் பாதி வழி வந்தது. பின்னாலிருந்து அண்ணாச்சி கத்துவது கேட்டது.

"கோமதி, நான் வேணும்னா எறங்கிக்கிடவா?"

"பானையப் பிடிச்சுக்கிட்டு சும்மா இரிங்க."

நிற்காமல் போய் மேட்டில் ஏறிவிட்டார்கள். நான் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, மச்சான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தான்.

"என்ன அத்தான், நீங்க பின்னால வாரிய?"

"இந்தத் தடவை பார்சல் நான்தான்ல" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி பானையோடு இறங்கினார். மதினி முதல் அடுப்பை மூட்டினார். பொங்கி வழிந்தபோது பெண்கள் எல்லாரும் குலவையிட்டார்கள். அண்ணாச்சி வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார். புகை எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் புறப்படும்போது மதினி சாவியை அவரிடம் நீட்டினார். அவர் வாங்காமல் காலிப் பானையை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். மச்சானும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இறக்கத்தில் முன்னால் கனம் தேவையில்லை. அது கால் எச்.பி. ஆளான எனக்கே தெரியும்.