முதுகில் பட்டன் வைத்த பட்டு கவுன்

இன்று மாலை பூகம்பமே வந்தாலும் வீட்டை விட்டு நகர்வதில்லை என்று, காலையில் ஷேவ் செய்யும்போதே கண்ணாடி முன் சபதம் எடுத்தேன். டிவியில் கால்பந்து இறுதி ஆட்டம். வருஷம் பூராவும் இதற்காகத்தான் உயிரோடு இருந்தேன்.

ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது மனைவி உருவில் சோதனை வந்தது.

"என்னங்க, எங்க அண்ணன் வீட்டுக்குப் போகணும். கிளம்புங்க."

அவள் அண்ணன், அதாவது என் மச்சான், மலைமலையாகச் சுற்றுலா போய் வந்திருக்கிறார். ஒவ்வொரு மலைக்கும் நூறு போட்டோ. அத்தனையும் காட்டாமல் ஆளை விடமாட்டார்.

"இன்னிக்கேவா?"

"புது கவுன் போட்டாச்சு. பின்னாடி பட்டன் மட்டும் போட்டுவிடுங்க. கிளம்பிடலாம்."

திரும்பி நின்றாள். அசல் பட்டு. மாதுளை நிறம். அதை வாங்கிய கடையின் கதவைத் தொடக்கூட எனக்குப் பயமாக இருந்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரை, அதே பட்டில் பொதிந்த மிளகளவு பட்டன்கள். மாட்டுவதற்கு நூல் வளையங்கள். என் தடித்த விரலுக்கு ஒன்றை மாட்டவே ஆயுசு போதாது.

சட்டென்று ஞானம் பிறந்தது. இவள் கை முதுகுக்கு எட்டாது. நான் இழுத்தடித்தால் நேரமாகிவிடும். நேரமானால் பயணம் ரத்து!

கீழிருந்து ஆரம்பித்தேன். வேண்டுமென்றே ஒரு வளையத்தை விட்டேன். உச்சியில் ஒரு பட்டன் அநாதையாக நின்றது.

"அடடா, மேல ஒண்ணு மிஞ்சுதே!"

"பரவாயில்லைங்க. கழட்டிட்டு மறுபடி போடுங்க. பட்டு, இழுத்துடாதீங்க."

கோபமே இல்லை! குழம்பினேன். மேலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை நான் எந்தத் தில்லுமுல்லும் செய்யவில்லை. ஆனாலும் கீழே ஒரு வளையம் மிஞ்சியது. நடுவில் எங்கோ ஒரு பட்டனைத் தாண்டியிருக்கிறேன்.

"ஏம்மா, நேரமாகுதே. உனக்குக் கோபம் வரலையா?"

"எதுக்குங்க? நீங்க நிதானமாவே போடுங்க."

நிதானமாவே! கல்யாணமான நாள் முதல் அவள் வாயில் வராத சொல். உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. குழப்பத்தில் மூன்றாம் முறை எல்லாவற்றையும் ஒழுங்காகவே போட்டுத் தொலைத்தேன். நல்லவேளை, ஆட்டம் தொடங்கும் நேரம் வந்துவிட்டது.

"இனிமே கிளம்பி எப்பப் போய்ச் சேர்றது? இன்னொரு நாள் பாத்துக்கலாமா?"

"சரிங்க."

வெற்றி! ரிமோட்டை எடுத்தேன். வாசல் மணி அடித்தது.

மச்சான். கையில் பென் டிரைவ்.

"மாப்பிள்ளை! போன தடவை நான் வர்றேன்னதும் ஓடிட்டீங்களே. இன்னிக்கு ஆளைப் பிடிச்சு வைக்கிறேன்னு தங்கச்சி சொன்னா, வெச்சுட்டா! உங்க பெரிய டிவியில பாத்தாத்தான் மலை மலையாத் தெரியும்."

ரிமோட் கைமாறியது. மைதானம் மறைந்தது, மலை வந்தது. எனக்கு அழுகை வந்தது.

உள்ளே போன மனைவி, முதல் மலை முடிவதற்குள் பழைய காட்டன் நைட்டியில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தனை பட்டனையும் யாரு கழட்டினது?" என்று அவள் காதருகே குனிந்து கேட்டேன்.

"அதை ஏன் கழட்டணும்? இடுப்போரமா ஜிப் இருக்குங்க. பட்டன் சும்மா அழகுக்கு. கடையில எல்லாத்தையும் போட்டுத்தான் குடுத்தாங்க. மத்தியானம் உக்காந்து ஒவ்வொண்ணா நான்தான் கழட்டி வெச்சேன், உங்களுக்காக."