கீரி மாசிலாமணி முகமை மாறிய கதை

ஒரு காட்டில், நான்குவழிச் சாலைக்காகப் பாதி மரங்களை வெட்டிவிட்டு மீதிப் பாதிக்கு எண் எழுதி வைத்திருந்த ஒரு காட்டில், மாசிலாமணி என்றொரு கீரி இருந்தது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் வளை தோண்டிக்கொண்டு போனார்கள்; ஒருவரும் திரும்பி வந்து எட்டிப்பார்க்கவில்லை. அதை மாசிலாமணி மறக்கவும் இல்லை.

பேச்சுத்துணைக்கு ஒரு குட்டியை எடுத்து வளர்க்கலாம் என்று அதற்குத் தோன்றியது. தாயில்லாக் குட்டிகளை வீடுகளில் வளர்க்கக் கொடுக்கும் முகமை ஒன்றை அங்கே மயில் நடத்திவந்தது. பெயர் 'கருணைத் தோகை'. விண்ணப்பம் பதினொரு பக்கம். ஏழாம் பக்கத்தில், 'பாம்பினத்துடன் முன் அனுபவம் உண்டா? எத்தனை ஆண்டு?' என்று கேட்டிருந்தார்கள். மாசிலாமணிக்குப் பொய் வராது. 'உண்டு, பன்னிரண்டு ஆண்டு' என்று எழுதியது. என்ன மாதிரி அனுபவம் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் எழுதியிருக்கும்.

நான்காம் நாள் ஒரு காகம் கூடையோடு வந்தது. உள்ளே ஒரு நாகக்குட்டி.

"ஏம்ப்பா, இது பாம்பாச்சே?" என்றது மாசிலாமணி.

"ஆமாங்க. அம்மா ரோடு ரோலர்ல போயிட்டாங்களாம். பேரு செவந்தி. அனுபவசாலி வீட்டுக்குத்தான் குடுக்கணும்னு மயில் அம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

மாசிலாமணி கால்நகத்தை மையில் தொட்டு வைத்தது. குட்டி தலையைத் தூக்கிப் பார்த்து, "பெரியப்பா, இதுதான் நம்ம வீடா?" என்று கேட்டது. பன்னிரண்டு ஆண்டில் எந்தப் பாம்பும் மாசிலாமணியிடம் ஒரு கேள்வி முழுதாகக் கேட்டு முடித்ததில்லை. கீரிக்கு நெஞ்சு இளகிவிட்டது.

இரண்டும் ஒத்துப்போயின. மாசிலாமணி படமெடுக்கச் சொல்லிக்கொடுத்தது. எதிரில் நின்று பார்த்த அனுபவம் இருந்ததால் நன்றாகவே சொல்லிக்கொடுத்தது. செவந்தி பெரியப்பாவின் முதுகில் உண்ணி பொறுக்கியது.

தொல்லை விதிமுறையில் இருந்தது. வளர்ப்பவர் குட்டியைத் தனியே விட்டு வெளியே போகக் கூடாது. இரைதேடப் போகவேண்டுமென்றால் முகமை வாரம் இருமுறை ஒரு மாற்று ஆளை அனுப்பும். அந்த ஆள் வந்து உட்கார்ந்துகொள்வார், வளர்ப்பவர் போய் வயிற்றைப் பார்த்துக்கொள்ளலாம். இப்படித்தான் எழுதியிருந்தது. நான்கு மாதம் ஆயிற்று, ஒரு ஈ கூட வரவில்லை. வளைக்குள் இருந்த கரையானையும் வண்டையும் தின்று தீர்த்தாயிற்று. குட்டிக்கும் பசி, கீரிக்கும் பசி.

மாசிலாமணி நாள்தோறும் போன் போட்டது. வரவேற்பில் ஒரு மைனா.

"உங்க பொறுமைக்கு நன்றி. மேடம் விழாவுல இருக்காங்க."

"நேத்தும் விழான்னு சொன்னியேம்மா?"

"அது மரம் நடு விழா சார். இது வளர்ப்புப் பெற்றோரைப் பாராட்டும் விழா."

"நானும் வளர்ப்புப் பெற்றோர்தானே, என்னைக் கூப்பிடலியே?"

"நீங்கதான் குட்டியை விட்டுட்டு வெளிய வரக் கூடாதே சார்."

ஒருநாள் மத்தியானம் செவந்தி வெயிலில் சுருண்டு தூங்கியது. மாசிலாமணி பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஈ ஓட்டிய கை சும்மா இருக்கிறது, வாய் குட்டியின் பிடரியில் இருக்கிறது. பல் இன்னும் அழுந்தவில்லை. மாசிலாமணி பதறிப்போய் வாயை எடுத்தது. எச்சிலைப் புறங்காலால் துடைத்துவிட்டது. போனை எடுத்தது.

"அம்மா, நிலைமை கைமீறிப் போகுது. பசியில என்னையே என்னால நம்ப முடியல. இன்னிக்கே யாரையாவது அனுப்புங்க. இல்லன்னா நான் புள்ளயைத் தின்னுப்புடுவேன்."

மைனா பதறவில்லை. "அப்படி ஏதாவது நடந்துட்டா படிவம் பதினாலு இருக்கு சார். மூணு வேலை நாளுக்குள்ள நிரப்பிக் குடுத்துடுங்க. எலும்பு இருந்தா ஒட்டி அனுப்புங்க."

மாசிலாமணி போனை வைத்தது. படிவம் இருக்கிறது என்றால், ஏற்கெனவே யாரோ நிரப்பியிருக்கிறார்கள். முகமை மாறவேண்டும் என்று அப்போதுதான் அதற்கு உறைத்தது.

அடுத்த வளையில் முள்ளம்பன்றி ராக்காயி இருந்தாள். முயல்குட்டிகள் நாலு வளர்க்கிறவள். மூன்று இன்னும் இருந்தன. அவள் வாசலில் நின்றபடியே திட்டினாள்.

"இன்னுமா அந்த மயிலை நம்பிக்கிட்டு கெடக்கே? நான் மூணு முகமை மாறிட்டேன். கூப்பிட்டா வரணும், அதான் முகமை. தெக்கால 'வளைதோறும் வாஞ்சை'ன்னு புதுசா தொறந்திருக்கான். வாரம் தவறாம நேர்ல ஆள் அனுப்புறானாம். எழுதிப்போடு."

"புள்ளயைப் புடுங்கிக்குவாங்களோன்னு பயமா இருக்கு அக்கா."

"பட்டினி கெடந்து நீயே முழுங்கறதுக்கு அது தேவலாம்ல?"

மாசிலாமணி புதிய முகமைக்கு விண்ணப்பமும் மயிலுக்கு விலகல் கடிதமும் எழுதியது. நான்கு மாதமாக இல்லாத சுறுசுறுப்பு மயிலுக்கு அன்று வந்தது. தானே போனில் பேசியது.

"மாசிலாமணி, நாம ஒரு குடும்பம். இப்படி விட்டுட்டுப் போறது நியாயமா? சரி, போறதுன்னா போங்க. குட்டி எங்களோடது. பத்து நாள்ல எங்க அலுவலர் நேர்ல வந்து செவந்தியைக் கூட்டிட்டுப் போவாரு. வராம போனாத்தான் கோப்பை மூடி உங்களுக்கே எழுதித் தரணும். அப்படி நடந்ததா சரித்திரமே இல்லை."

அந்தப் பத்து நாளும் மாசிலாமணி வாசலை விட்டு அசையவில்லை. சருகு அசைந்தாலும் குட்டியை வாலுக்குப் பின்னால் மறைத்தது. "பெரியப்பா, நான் போகணுமா?" என்று செவந்தி கேட்டபோதெல்லாம் வேறு பேச்சு எடுத்தது. முதல் நாள் யாரும் வரவில்லை. ஐந்தாம் நாள் வரவில்லை. பத்தாம் நாளும் வரவில்லை. கருணைத் தோகையில் வெளியே அனுப்ப ஆள் இருந்தால்தானே வர? பதினோராம் நாள் கோப்பு மூடப்பட்டதாகக் காகிதம் வந்தது. அந்த முகமை மாசிலாமணிக்குச் செய்த ஒரே உதவி அதுதான்.

மறுநாள் காலை சரியாகப் பத்து மணிக்குப் புதிய முகமையின் அலுவலர் வாசலில் நின்றார். பவுன்ராஜ் என்ற பெருச்சாளி. வெள்ளைச் சட்டை, கையில் கோப்பு, நல்ல உடம்பு.

"வணக்கம் ஐயா. முதல்ல உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க. நான் குறுக்கே பேச மாட்டேன்" என்றார்.

மாசிலாமணி ஒரு மணி நேரம் சொன்னது. பவுன்ராஜ் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். வளைக்குள் வந்து, அகலம் பார்த்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நடுவில் இருந்தார், ஒரு பக்கம் கீரி, ஒரு பக்கம் நாகம்.

"உங்களுக்கு உடனடித் தேவைன்னா என்ன ஐயா?"

"சாப்பாடு தம்பி."

"குழந்தைக்கு?"

"அதேதான்."

"ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறதுண்டா? அதுலதான் பாசம் வளரும்னு எங்க பயிற்சியில சொல்லுவாங்க."

மாசிலாமணியின் கண் கலங்கிவிட்டது. இத்தனை அக்கறையாக அதனிடம் யாரும் பேசியதில்லை. பவுன்ராஜ் ரொம்ப நல்லவர். அதை மாசிலாமணி பிற்பாடு பலரிடமும் சொல்லியிருக்கிறது.

அடுத்த வாரம் பவுன்ராஜுக்குப் பதில் வேறொரு பெருச்சாளி வந்தது. முந்தையவர் அறிக்கை தரவில்லை என்று விசாரித்தது. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. முகமை ஒரு வாரமும் தவறவில்லை. சொன்ன சொல் காப்பாற்றுகிறவர்கள். ஆறாவது அலுவலர் உட்காருமுன் நின்றபடியே எழுதிய குறிப்பு: 'குழந்தையின் எடை கூடியுள்ளது. வளர்ப்பவர் முகத்தில் தெளிவு. வீட்டில் நல்ல பிணைப்பு.'

ராக்காயி ஒருநாள் கேட்டாள். "ஆபீசரை மாத்திக்கிட்டே இருக்காங்களே, ஒவ்வொருத்தர்கிட்டயும் மொதல்லேர்ந்து கதை சொல்லணுமே. சிரமமா இல்லையா?"

"கதையெல்லாம் யாரு அக்கா சொல்லிக்கிட்டு இருக்கா" என்றது மாசிலாமணி.

நீதி: பிள்ளை வளர்க்கிறவர்களே, உங்கள் முகமை ஆளை அனுப்பாமல் ஆறுதல் மட்டும் அனுப்பினால் அன்றே மாறிவிடுங்கள். மாறும் இடத்தில் அலுவலர்கள் அன்பானவர்களா என்று விசாரித்து நேரத்தைக் கழிக்காதீர்கள். எத்தனை கிலோ என்று கேளுங்கள்.