உங்கள் கையால் மட்டும் இறங்கும் பால்

மரியாதைக்குரிய சகலை அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், உங்கள் கொழுந்தியாள், நாலரை வயது மகள் மூவரும் சுகம். நீங்கள் அங்கே சுகமாகத்தான் இருப்பீர்கள். அத்தானுக்கு எவ்வளவு பொறுமை, எவ்வளவு கலகலப்பு என்று தினமும் காலையில் எனக்கு அறிக்கை வாசிக்கப்படுகிறது. போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் உங்கள் நம்பரை அழுத்தினாலே மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு "பெரியப்பா!" என்று கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள். என் கைக்குத் திரும்பும்போது போனில் சார்ஜ் இருப்பதில்லை. ஆகவே கடிதம்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. என் மகளைப் பால் குடிக்க வைக்க நீங்கள் என்ன செய்தீர்கள்?

போன மாதம் பயிற்சி வகுப்புக்காக வந்து எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கினீர்கள். தினம் மூன்று டம்ளர். நீங்களும் அவளும் பால்கனிக்குப் போவீர்கள், கதவைச் சாத்துவீர்கள், ஐந்து நிமிடத்தில் காலி டம்ளரோடு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வருவீர்கள். நீங்கள் கிளம்பிய மறுநாள் அதே டம்ளரில் அதே பாலை நான் நீட்டினேன். "உவ்வே" என்றாள். பாலைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

நான் யார்? தொழிற்சாலைக் குழாய்களில் எவ்வளவு திரவம் ஓடுகிறது என்று காட்டும் மீட்டர்களைச் சரிபார்க்கிறவன். ஒரு டம்ளர் பால் ஒரு தொண்டைக்குள் இறங்கவில்லை என்றால் அது எனக்குத் தொழில் அவமானம். சூட்டை நாற்பது டிகிரியில் நிறுத்திப் பார்த்தேன், சர்க்கரையைக் கூட்டினேன், குறைத்தேன், டம்ளரை மாற்றினேன், கடைசியில் சமையலறைத் தராசை எடுத்து, கொடுக்கும் முன் ஒரு எடை, வாங்கிய பின் ஒரு எடை என்று எழுத ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் நூற்றெண்பது மில்லி குறைந்திருந்தது! கிராஃப் வரைந்து ஃபிரிட்ஜில் ஒட்டி, "இப்ப என்ன சொல்ற?" என்று உங்கள் கொழுந்தியாளிடம் கேட்டேன். "அத்தான் கிராஃப் எல்லாம் போடலயே" என்றாள். எனக்குப் பொறாமை இல்லை என்று எழுத வந்தேன், பொய் எழுதிப் பழக்கமில்லை. வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடு வேலைக்குக் கிளம்பி ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தபோதுதான் நூற்றெண்பது மில்லியும் எங்கே போயிருந்தது என்று தெரிந்தது. காதோரம் வழிய வழிய நின்றேன். "அப்பா, சட்டையெல்லாம் சிந்திட்டீங்க" என்று மகள் கண்டித்தாள்.

பிறகு குழந்தை டாக்டரிடம் போனோம். என் கிராஃபை வாங்கி மடித்து விசிறிக்கொண்டே சொன்னார்: "இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர், நானூறு மில்லி போதும். அதுக்கு மேல ஊத்திக்கிட்டே இருந்தா வயிறு ரொம்பிடும், சோறு இறங்காது, இரும்புச்சத்து குறையும். தயிர் சாப்பிடுறாளா?"

"கிண்ணத்த வழிச்சு சாப்பிடுவா" என்றாள் உங்கள் கொழுந்தியாள்.

"அப்ப அதுவும் பால் கணக்குதான். விடுங்க சார், இது குழந்தை, பைப் இல்ல."

எனக்கு ஒன்றே ஒன்றுதான் காதில் விழுந்தது. மூன்று டம்ளர் தப்பு. நீங்கள் தப்பு! படி இறங்கும்போதே அதைச் சொன்னேன். "இருக்கட்டும். அவர் கொடுத்தா குடிச்சாள்ல?" என்று பதில் வந்தது.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. விடுமுறைக்குப் பத்து நாள் மகள் உங்கள் வீட்டுக்கு வரப்போகிறாளாம், பையில் துணி அடுக்கியாகிவிட்டது. "அப்பா இல்லாம இருந்துடுவியா?" என்று கேட்டேன். "அதான் பெரியப்பா இருக்காரே" என்றாள். சகலை, நான் ஆடிப்போய்விட்டேன். நீங்கள் செய்ததைப் படிப்படியாக எழுதி அனுப்புங்கள். என் கையால் அவள் ஒரு டம்ளராவது குடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பயணம். இல்லையென்றால் அனுப்ப மாட்டேன். இதுதான் முடிவு, பேச்சுக்கு இடமில்லை.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் பையன்கள் இருவருக்கும் என் ஆசிகள். உங்கள் கையால் பால் குடித்து வளர்ந்தவரைக்கும் போதும் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சம் வைத்திருக்கும்
சகலை

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்து யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். "பெரியப்பாவத் திட்டாதீங்கப்பா. பால் எல்லாம் அவர்தான் குடிப்பார். எனக்கு விரலால தொட்டு மீசை மட்டும் வச்சு விடுவார்" என்றாள். பத்து நாள், முப்பது டம்ளர், அத்தனையும் நீங்கள்! "ஏன் எங்ககிட்ட சொல்லல?" என்றேன். "ரகசியம்ப்பா" என்றாள். பால் போகட்டும், உங்கள் இருவருக்கும் நடுவே ஒரு ரகசியம் இருந்ததே, இப்போது அதற்குத்தான் வயிறு எரிகிறது. ஆகவே இன்று மாலைப் பாலைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே குடித்தேன். மீசை அவளுக்கு. உங்கள் கொழுந்தியாள் அசந்துபோய்விட்டாள். அவளிடம் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. படிப்படியாக எதுவும் எழுத வேண்டாம். பயணத்துக்கும் நான் தடையில்லை, மகள்தான் இப்போது வரமாட்டேன் என்கிறாள். அப்பாவுக்குப் பால் பிடிக்காதாம், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் கீழே கொட்டிவிடுவாராம்.