கழுகுக் கண்ணுக்கு ஒரு கேமரா

"இது யாருங்க, நானா?"

கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்த்துவிட்டு மனைவி கேட்டாள். திரையில் துணிக்கொடி தெளிவாக இருந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீலத் தீற்றல்தான் இருந்தது.

"நீ அசைஞ்சுட்ட."

"அசையாம எப்படிங்க துணி காயப்போடறது?"

கடிகார மெக்கானிக் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பள்ளி விளையாட்டு விழாவுக்கு இன்னும் நான்கே நாள். துணி காயப்போடும் மனைவிக்கே இந்தக் கதி என்றால், நூறு மீட்டர் ஓடும் மகளை எப்படிப் பிடிப்பது?

பிடித்தே ஆக வேண்டும். போன வருடம் மகள் ஓடியபோது நாற்காலி மேல் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்திக் கைதட்டினார். ஓடி முடித்த பிறகுதான் தெரிந்தது, அவர் கைதட்டியது வேறு யாரோ பெற்ற பிள்ளைக்கு. எல்லாருக்கும் ஒரே சீருடை போட்டுவிட்டால் பெற்ற தகப்பன் என்ன செய்வான் என்று வாதாடிப் பார்த்தார். மகள் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினாள்.

"உங்களுக்கு என்னையே அடையாளம் தெரியலப்பா."

பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அந்த வார்த்தை ஒரு வருடமாக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் கடைத்தெருவில் அவருக்குக் 'கழுகுக் கண்' என்று பெயர். மற்ற மெக்கானிக்குகள் லென்ஸை மாட்டிக்கொண்டு தேடும் திருகாணியை இவர் வெறுங்கண்ணால் எடுத்துப் போடுவார். கொஞ்சம் குனிவார், அவ்வளவுதான். அந்தப் பெருமையில், தடிக்கண்ணாடி போட்ட மச்சானுக்குச் 'சோடாபுட்டி' என்று பெயர் வைத்திருந்தார். கேமரா இரவல் வேண்டியிருந்த அன்றைக்குத்தான் வாய் நிறைய 'மச்சான்' என்று கூப்பிட்டார்.

மச்சான் தங்கமானவன். கொடுத்துவிட்டு மூன்றே விஷயம் சொன்னான்.

"லென்ஸ்ல விரல் படக்கூடாது அத்தான். தண்ணி படக்கூடாது. கண்ணு வைக்கிற ஓட்டை பக்கத்துல குட்டியா ஒரு சக்கரம் இருக்கு பாருங்க, அதைத் திருகாதீங்க. அது என் கண்ணு பவருக்குன்னு வச்சது."

"சரி மச்சான், சரி மச்சான்" என்று கேமராவைக் கண்ணில் வைத்த கழுகுக் கண், எதிர்ச்சாரி மரத்தைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

"என்னங்க, மூச்சு இருக்கா?" என்றாள் மனைவி.

"மரத்துல இலை தெரியுதுடி!"

"மரத்துல வேற என்ன தெரியும்?"

"தனித்தனியா தெரியுது. ஒவ்வொரு இலையும். காம்போட!"

அவளும் கண்ணை வைத்துப் பார்த்தாள். "எனக்கு எல்லாமே மசமசன்னு இருக்கே."

"அதுக்கெல்லாம் கலைக்கண் வேணும்" என்று பிடுங்கிக்கொண்டார்.

இப்போது நீலத் தீற்றல் விவகாரத்துக்கு மச்சானுக்குப் போன் போட்டார்.

"ஷட்டர் ஸ்பீடை ஏத்துங்க அத்தான். ஆயிரத்துல ஒரு செகண்ட் வைங்க."

"ஆயிரம் செகண்டா?"

"இல்ல, ஒரு செகண்டை ஆயிரமா வெட்டினா வருமே, அதுல ஒரு துண்டு."

கழுகுக் கண் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருடமாக விநாடி முள்ளோடு குடித்தனம் நடத்துகிறவர். விநாடியைவிடச் சின்னதாக ஒன்றை அவர் கையால் தொட்டதில்லை. மொட்டைமாடிக்குப் போய், வெயிலில் சொட்டிக்கொண்டிருந்த குழாயைப் படம் எடுத்தார். ஒரு சொட்டு நீர் விழாமல், உடையாமல் அந்தரத்தில் நின்றது. அதற்குள் குட்டியாக வானம் தெரிந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே வேகத்தில் கீழே வந்து மனைவியை எடுத்தார். திரை முழுக்கக் கறுப்பு.

"வீட்டுக்குள்ள வெளிச்சம் பத்தாது. ஐஎஸ்ஓவை ஏத்துங்க" என்றான் மச்சான்.

போகும் மட்டும் ஏற்றினார். படம் வந்தது. முகமெல்லாம் புள்ளி புள்ளியாக.

"என் மூஞ்சியில மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே!"

"அப்பர்ச்சரை, அதான் லென்ஸ் துவாரத்தை, பெருசா திறந்துட்டு ஐஎஸ்ஓவைக் குறைங்க" என்றான் மச்சான்.

திறந்தார். மனைவியின் மூக்கு அற்புதமாக வந்தது. மங்கலில் காதுகளைக் காணோம்.

"ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு இழுத்துக்குது மச்சான்!"

"மைதானத்துல வெயில் இருக்கும், எல்லாம் சரியாயிடும். ஆயிரத்துல வைங்க, பொத்தானை அழுத்துங்க. அவ்வளவுதான்."

மனைவி மாடல் வேலையை ராஜினாமா செய்தாள். அவர் கவலைப்படவில்லை. கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவே மனமில்லாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனைப் பலகையில் எழுத்து இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் மேல் காக்கை இருந்தது, காக்கைக்கு மூக்கு இருந்தது. இவ்வளவு சாமான்கள் இந்தத் தெருவில் எப்போது வந்தன?

மறுநாள் எதிர்வீட்டுக்காரர் தன் வாசலில் நின்றபடியே சத்தம் போட்டார். "சார், நேத்திலேருந்து எங்க வீட்டையே பாத்துட்டிருக்கீங்க. என்ன வேணும் உங்களுக்கு?"

கழுகுக் கண் கேமராவை இறக்காமலே பதில் சொன்னார். "உங்களுக்கு மீசை நரைச்சிடுச்சே சார், எப்போ?"

அன்று சாயங்காலம் எதிர்வீட்டில் திரைச்சீலை மாட்டினார்கள்.

விழா நாளும் வந்தது. நல்ல வெயில். பெற்றோர் வரிசை மைதானத்தின் இந்தக் கோடியில், ஓட்டம் தொடங்கும் இடம் அந்தக் கோடியில். ஷட்டரை ஆயிரத்தில் வைத்தார், ஐஎஸ்ஓவைக் குறைத்தார். விரல் பொத்தான் மேல் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

விசில் ஒலித்தது.

ஆறு பிள்ளைகள் ஓடி வந்தார்கள். மூன்றாவது கோட்டில் அவர் மகள். யாரும் சொல்லாமலே தெரிந்தது. நாக்கை மடித்துக் கடித்திருந்தாள். ரிப்பன் ஒன்று அவிழ்ந்து பறந்தது. பாதி ஓட்டத்தில் அவள் கண்கள் ஒரு கணம் பெற்றோர் வரிசைப் பக்கம் திரும்பி, யாரையோ தேடின. தன்னைத்தான் தேடுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. இத்தனை அழகான பிள்ளையா நம் வீட்டில் வளர்கிறது!

ஓட்டம் முடிந்துவிட்டது. மகள் நான்காவதாக வந்தாள். மூச்சிரைக்க அவரிடம் ஓடி வந்தாள்.

"போட்டோ காட்டுங்கப்பா!"

அப்போதுதான் விரல் அழுத்தவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

"எடுக்கலம்மா."

அவள் முகம் விழுந்தது.

"ஆனா பாத்தேன். நாக்கை மடிச்சுக் கடிச்சியே. ரிப்பன் அவுந்துச்சே. பாதியில என்னைத் தேடினியே."

"அவ்வளவு தூரத்துலயா? நிஜமாவே என்னைத்தான் பாத்தீங்களா?" என்று அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். போட்டோவை இருவருமே மறந்துபோனார்கள்.

பக்கத்தில் இன்னொரு பெண் வந்து நின்றாள். "இவளுக்குத்தான்பா போன வருஷம் நீங்க கைதட்டினீங்க" என்றாள் மகள்.

கழுகுக் கண்ணுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "வாம்மா, நீயும் பாரு. எல்லாம் இந்தக் கேமரா பண்ற மாயம். படம்னா எப்பவும் கொஞ்சம் திருத்தித்தானே காட்டும்? ஆனா இது அதுக்கும் மேல. அதோ, அந்த மூலை மரம், இலை ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியும் பாரு!"

அந்தப் பெண் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். கேமராவை இறக்கினாள். வெறுங்கண்ணால் மரத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இலை தனித்தனியா தெரியறதுக்கு எதுக்கு அங்கிள் கேமரா?"