சிரிக்கிற வீடு

"எங்கே, ஒருக்காச் சிரிச்சுக் காட்டுங்க பாக்கலாம்," என்றாள் தெய்வாத்தாள்.

அவள் புருஷன் வெள்ளியங்கிரி வாயை அகலத் திறந்தார். பல் டாக்டரிடம் கடைவாய்ப் பல்லைக் காட்டுவதுபோல் இருந்தது.

"இதுக்குப் பேரு சிரிப்புங்களா?"

"பின்ன என்ன, கொட்டாவியா?"

மண்ணரைப் பகுதியில் பத்து மிஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்தும் வெள்ளியங்கிரிக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் இப்படியொரு சோதனை. காரணம் தரகர் ஆத்தப்பன். சனிக்கிழமை காலையில் வந்து, காப்பி குடித்து, டம்ளரைக் கீழே வைத்தபிறகுதான் விஷயத்தையே சொன்னார்.

"சாமளாபுரம் கிட்டுசாமி நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றாருங்க. பதினாறு தறி. பையன் திருமூர்த்தி தங்கமான பையன். சாதகமும் பொருந்திருச்சு. ஒரே ஒரு கண்டிசனுங்க."

"எத்தன பவுனு?"

"பவுனெல்லாம் கேக்கலீங்க. சம்மந்தி நல்லாச் சிரிக்கறவரா இருக்கோணுமாம். வந்தா பக்கத்துல உக்காந்து ஒரு காமெடிப் படம் பாக்கோணுமாம். சேவூர்ல ஒரு எடம் எல்லாம் முடியற மாதிரி வந்துச்சுங்க. பொண்ணோட அப்பன் படம் முச்சூடும் உம்முனு உக்காந்திருந்தான்னு எந்திரிச்சு வந்துட்டாங்க."

தெய்வாத்தாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அந்தத் தெருவுக்கே டிவி இருந்தது இவர்கள் வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போட்டால் கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. வந்தவர்கள் பயந்தது கரண்ட் போய்விடுமோ என்று அல்ல. வெள்ளியங்கிரி வாயைத் திறந்துவிடுவாரோ என்றுதான்.

வாழைப்பழத் தோலில் ஒருவன் வழுக்கி விழுவான். கூடமே குலுங்கும். "ரோட்டப் பாத்து நடக்கத் தெரியாதவனுக்கு என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்குது?" என்பார். பெண்டாட்டி புருஷனைக் கரண்டியால் அடிப்பாள். "கரண்டி வளஞ்சு போச்சே, இனி கொழம்பு ஊத்தறது எப்படி?" என்பார். செவ்வாய்க்கிழமை நாடகத்தில் ஒருவன் அரைமணி நேரம் சாவியைத் தேடினான். "அது சட்டப் பையில இருக்கறது எனக்கே தெரியுது. அவனுக்குத் தெரியல. இவனுக்கெல்லாம் யாரு பொண்ணு குடுத்தது?"

எதிர்வீட்டு ராக்கம்மாள் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டாள். "யாராச்சும் உழுந்தா அது நல்ல படம். ரெண்டு பேரு உழுந்தா ரொம்ப நல்ல படம். இத்தன லேசான விசயம் உங்களுக்கு ஏனுங்கண்ணா பிடிபட மாட்டேங்குது?"

அப்படிப்பட்டவர், "நான் நானாத்தான் இருப்பேன். சிரிச்சுக் காட்டிப் பொண்ணு குடுக்கற பொழப்பு எனக்கு வேண்டாம்," என்றுதான் முதலில் சொன்னார்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. மகள் வள்ளியாத்தாள் நின்றிருந்தாள். போன தையில் ஒரு கல்யாணத்தில் திருமூர்த்தி பந்தியில் பாயசம் பரிமாறியதை அவள் பார்த்திருக்கிறாள். அவளுக்கு மட்டும் இரண்டு கரண்டி ஊற்றினான். அதற்குப்பின் வந்த மூன்று வரனையும் ஏதாவது சொல்லித் தட்டிவிட்டாள்.

"அப்பா, ஒரு நாளைக்கு மட்டும்," என்றாள்.

வெள்ளியங்கிரி ஆத்தப்பனைப் பார்த்து, "வரச் சொல்லுங்க," என்றார்.

சிரிப்புச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு டெய்லர் மூக்கையாவிடம் வந்தது. மதுரைப் பக்கத்து ஆள். அவன் சிரித்தால் ஓவர்லாக் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

"மொதலாளி, தொண்டையில சிரிக்கக் கூடாது. அடிவயித்துல இருந்து கெளம்பி வரணும். எங்க, ஹா..."

"ஹா," என்றார் வெள்ளியங்கிரி. பனியனுக்குக் கை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். முதலாளிக்கு நெஞ்சுவலி என்று ஒருத்தி தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

சாயங்காலத்துக்குள் சிரிப்பு ஒரு மாதிரி வந்துவிட்டது. ஆனால் எங்கே சிரிப்பது என்பது வரவில்லை. அதற்கும் மூக்கையாவே வழி சொன்னான். "அது ரொம்பச் சுளுவு மொதலாளி. படத்தப் பாக்காதீக. சம்மந்தி மொகத்தப் பாருங்க. அவரு ஒரு பங்கு சிரிச்சா நீங்க ரெண்டு பங்கு சிரிச்சுப்புடுங்க."

தெய்வாத்தாளுக்கு அதிலும் முழு நம்பிக்கை வரவில்லை. "நான் உங்க நாற்காலிக்குப் பின்னால நிக்கறேன். கிள்ளுனா சிரிக்கோணும். பலமாக் கிள்ளுனா பலமாச் சிரிக்கோணும்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாடகை வீடியோ டெக்கும் கேசட்டும் வந்து இறங்கின. அட்டை உறையில் இரண்டு பேர் சேற்றில் விழுந்து கிடந்தார்கள். ராக்கம்மாள் கணக்குப்படி ரொம்ப நல்ல படம்.

பதினொரு மணிக்கு ஆத்தப்பனோடு கிட்டுசாமி குடும்பம் வந்தது. ஆள் கட்டை, குரல் மட்டும் அடுத்த தெரு வரை போனது.

"வணக்கமுங்க சம்மந்தி!"

"காப்பி குடிக்கறீங்களா, மோருங்களா?" என்றாள் தெய்வாத்தாள்.

"ஆமாங்க!" என்றார் கிட்டுசாமி.

பெரிய மனிதர், எதைக் கொடுத்தாலும் குடிப்பார் போலிருக்கிறது என்று வெள்ளியங்கிரி நினைத்துக்கொண்டார். கிட்டுசாமியின் மனைவி வேலாத்தாள் அதிகம் பேசவில்லை. வள்ளியாத்தாள் காப்பித் தட்டுடன் வந்தபோது திருமூர்த்தி இரண்டு டம்ளர் எடுத்துக்கொண்டான்.

படம் ஆரம்பித்தது. வெள்ளியங்கிரி கிட்டுசாமியின் முகத்தைப் பார்த்தார். கிட்டுசாமி வெள்ளியங்கிரியின் முகத்தைப் பார்த்தார். அரைமணி நேரம் இப்படியே ஓடியது. கோழிச் சண்டையில் இறங்கப்போகும் சேவல்கள்போல இருவரும் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்தும் கிளம்பவில்லை.

சேவூர்க் கதை நினைவுக்கு வந்து வெள்ளியங்கிரிக்கு வேர்த்தது. பதற்றத்தில் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். அது தொண்டையில் சிக்கியது. முகம் கோணி, கண் பிதுங்கி, தோள் குலுங்கியது.

கிட்டுசாமி வெடித்துச் சிரித்தார்.

வெள்ளியங்கிரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முறுக்கை விழுங்கிவிட்டு, அடிவயிற்றிலிருந்து இரண்டு பங்கு சிரித்தார். அதைப் பார்த்து கிட்டுசாமி நாலு பங்கு சிரித்தார்.

அந்த நேரம் திரையில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு தாய் கயிற்றுக்கட்டிலில் கிடந்து இருமிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் இருமலை வைத்துக்கூடக் காமெடி செய்கிறார்கள் போலிருக்கிறது என்று வெள்ளியங்கிரி எண்ணினார். பாயில் உட்கார்ந்திருந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது பாவம்!

தெய்வாத்தாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. உறையில் இருந்தது ஒரு படம், உள்ளே இருந்தது வேறு படம். கடைக்காரன் கேசட்டை மாற்றிப் போட்டுவிட்டான். இவரை நிறுத்தியாக வேண்டும். நாற்காலிக்குப் பின்னால் குனிந்து முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

வெள்ளியங்கிரி ஓஹோவென்று சிரித்தார்.

பலமாகக் கிள்ளினாள். பேச்சு மாறாத மனிதர் அவர். தொடையைத் தட்டிக்கொண்டு பலமாகச் சிரித்தார். கிட்டுசாமி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். திரையில் தாய் மகன் கையைப் பற்றி, "நான் போறேம்பா," என்று கண்ணை மூடினாள். நகம் பதியக் கிள்ளினாள் தெய்வாத்தாள். வெள்ளியங்கிரி நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழப்போனார்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த ராக்கம்மாள் சத்தமாகவே சொன்னாள். "ஆத்தா சாவறப்ப இப்படிச் சிரிக்கறாங்களே, ரெண்டும் மனுசங்கதானா?"

திருமூர்த்தி நெளிந்துகொண்டு தன் அம்மாவைப் பார்த்தான். "உடு கண்ணு," என்பதுபோல் வேலாத்தாள் தலையசைத்தாள்.

படம் முடிந்தது. கூடத்தில் பெண்கள் மூக்கை உறிஞ்சும் சத்தம். தெய்வாத்தாள் மகளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள். எல்லாம் போயிற்று. சாவு வீட்டில் சிரிக்கிற குடும்பத்தில் யார் பெண் எடுப்பார்கள்?

கிட்டுசாமி எழுந்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சம்மந்தி! இப்படிச் சிரிச்சுப் பத்து வருசம் இருக்குமுங்க! உங்க பொண்ணு எங்க ஊட்டுக்குத்தான்! தட்ட மாத்துங்க!"

கதவுக்குப் பின்னால் வளையல்கள் ஒன்றோடொன்று மோதின. ஆத்தப்பன் வெற்றிலைத் தட்டைத் தேடி ஓடினார். வெள்ளியங்கிரி நின்ற இடத்திலேயே, யாரும் கிள்ளாமல், தானாகவே சிரித்தார். ஐம்பத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

விருந்து முடிந்து கிட்டுசாமி முன்னால் போய்க் காரில் ஏறிக்கொண்டார். வாசலில் தெய்வாத்தாள் வேலாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் வெள்ளியங்கிரி முதுகைத் தடவியபடி நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க. கேசட்டு மாறிப்போச்சு. அழுவற படத்துக்கு இவரு அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது. உங்க ஊட்டுக்காரரு மனசுல என்ன நெனச்சாரோ..."

வேலாத்தாள் காரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சாதாரணமாகவே சொன்னாள்.

"அவருக்கு அது அழுவற படம்னே தெரியாதுங்க. தறிச் சத்தத்துல காது போயிப் பத்து வருசமாச்சு, பக்கத்துல இருக்கறவங்க சிரிச்சாத்தான் அவரும் சிரிப்பாரு. அதனாலதானுங்க நல்லாச் சிரிக்கற சம்மந்தியாத் தேடிட்டு இருந்தோம்."